கை எட்டுகிற உயரம்

பாவடித் தெரு,
பெரிய காஞ்சிபுரம்.
20-6-2025

பொதட்டூர்ப்பேட்டை திரு. முனிரத்தினம் அவர்கள் வீட்டாருக்கு,

ஏகாம்பரநாதர் துணை.

நேற்று மாலை எங்கள் தெருப் பிள்ளையார் கோயில் மண்டபத்தில் கூடியவர்கள்: தெருச் சங்கத் தலைவர் ராமராஜன், அவர் மகன் கமல், மூலை வீட்டு வீரபாகு, கோயிலுக்குப் பூ கட்டுகிற கங்கையம்மாள், என் வீட்டுக்காரர், நான். என் பெயர் ஏலவார்குழலி. குருக்கள் பாதியில் வந்து பாதியிலேயே போய்விட்டார். அதனால் அவரைச் சேர்க்கவில்லை. எதையும் எழுதி வைத்துக்கொள்வது என் வழக்கம்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் இதே கோயில் வாசலில் உங்கள் வீட்டுப் பெரியவருக்கு நடந்ததைப் பற்றித்தான் கூட்டம். பழைய பட்டுப் புடவைகளை ஜரிகைக்காக எடை போட்டு வாங்குகிறவர் அவர். சன்னதித் தெருப் பக்கம் வருவார். எங்கள் தெருவுக்கு அன்றுதான் முதல் தடவை வந்தார். என் மாமியார் புடவைகள் இரண்டு கிழிந்து கிடந்தன. சன்னதித் தெருவில் பார்த்தபோது திங்கட்கிழமை வரச் சொல்லியிருந்தேன். மூட்டை தூக்கி வருகிற ஆட்கள் பிள்ளைகளைப் பிடித்துப் போகிறார்கள் என்று ஒரு வீடியோ அந்த வாரம் எல்லார் போனிலும் சுற்றிக்கொண்டிருந்தது. நான் ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பியபோது எல்லாம் முடிந்திருந்தது. அவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அவருடைய தராசுப் பெட்டி மட்டும் படியோரம் கிடந்தது. ஒரு தட்டு நசுங்கியிருந்தது. அதை எடுத்து வந்து வைத்திருக்கிறேன். அந்தப் பெட்டி மூடியில் எழுதியிருந்த விலாசத்துக்குத்தான் இப்போது எழுதுகிறேன்.

போன மாதம் அவர் காலமான செய்தி தெரிந்து தெருவே தலைகுனிந்தது. அவருக்காக ஒரு நினைவுச்சின்னம் எழுப்பவேண்டும், போனில் வருவதை அப்படியே நம்பினால் என்ன ஆகும் என்று பிள்ளைகளுக்கு அது சொல்லவேண்டும் என்று ராமராஜன் சொன்னார். கமல் சென்னையில் கட்டடக்கலை படிக்கிறான். படம் வரைந்து கொண்டுவந்திருந்தான். ஆள் உயரத்துக்குக் கருங்கல்லில் ஒரு போன். கண்ணாடி விரிசல் விட்ட மாதிரி. இரவில் உள்ளே விளக்கு எரியும். ஓரத்தில் கட்டம் கட்டமாக ஒரு குறி. அதைப் போனால் படம் பிடித்தால் நடந்த கதை போனில் வருமாம்.

"போனால வந்த வினையைப் படிக்க மறுபடியும் போனையே தூக்கணுமா?" என்று வீரபாகு கேட்டார்.

கங்கையம்மாள் சிரித்தாள். "கருங்கல்லுல எதை நட்டாலும் இந்தத் தெருவுல மஞ்ச குங்குமம் வச்சிடுவாளுங்க கமலு. ஆறு மாசத்துல செல்லியம்மன்னு பேரு வச்சிக் கூழு ஊத்துவாங்க, பாத்துக்கினே இரு."

கமலுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நான் ஒன்றுதான் சொன்னேன். அந்த வீட்டாரைக் கேட்காமல் ஒரு கல்லும் நடக்கூடாது. அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம். அதற்கு எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.

அவர் பெயரைப் போடலாமா, எப்படிப் போடவேண்டும் என்று தெரிவியுங்கள். துக்க வீட்டில் இதைக் கேட்பதற்கு மன்னிக்கவும்.

இங்ஙனம்,
ஏலவார்குழலி


பொதட்டூர்ப்பேட்டை
2-7-2025

ஏலவார்குழலி அவர்களுக்கு,

நான் முனிரத்தினத்தின் மகள் சத்யப்ரியா. உங்கள் கடிதம் கிடைத்தது. மூன்று தடவை கிழித்துப் போட நினைத்தேன்.

அப்பா பெயரை எந்தக் கல்லிலும் போடக்கூடாது. அது என் முதல் பதில்.

இரண்டாவது. கூட்டத்தில் யார் யார் இருந்தார்கள் என்று ஒருவர் விடாமல் எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்குக் கோயில் வாசலில் யார் யார் இருந்தார்கள்? அதை எழுதுங்கள் பார்க்கலாம். போலீஸ்காரர் வந்து கேட்டபோது தெருவில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. சாட்சி இல்லை என்று கேஸை மூடிவிட்டார்கள். இப்போது கல் நட வந்திருக்கிறீர்கள். சாட்சி சொல்ல வாய் வராதவர்களுக்குச் சின்னம் வைக்கக் கை வருகிறதா?

மூன்றாவது. அப்பா காலமான செய்தி தெரிந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். யார் சொன்னார்கள்? எப்படித் தெரிந்தது?

இந்த இரண்டுக்கும் பதில் வராமல் நான் வேறு எதுவும் எழுதுவதாக இல்லை. போன் நம்பர் தரமாட்டேன். தபாலிலேயே எழுதுங்கள்.

மு. சத்யப்ரியா


பாவடித் தெரு
7-7-2025

சத்யப்ரியாவுக்கு,

உன்னை நீ என்று எழுதுவதில் கோபம் வேண்டாம். உன் வயதில் எனக்குப் பெண் இருக்கிறாள்.

நீ கேட்ட பட்டியலை எழுத எனக்கு ஐந்து நாள் பிடிக்கவில்லை. ஐந்து நிமிஷம் போதும். முதல் கடிதத்தில் எழுதிய பெயர்கள்தான் அவை. அதில் என்னை எடுத்துவிடு, அன்று பள்ளிக்கூடம் போயிருந்த கமலை எடுத்துவிடு. மிச்சம் இருக்கிறவர்கள் அங்கே இருந்தார்கள். கங்கையம்மாள்தான் முதலில் கத்தியவள். மூட்டையைப் பிடுங்கியவர் ராமராஜன். முதல் அடி வீரபாகு. இன்னும் சிலர் உண்டு. இரண்டு பேர் ஊரை விட்டுப் போய்விட்டார்கள், ஒருவர் இறந்துவிட்டார். பெயர்களைத் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரரும் அங்கே நின்றார். அடிக்கவில்லை. தடுக்கவும் இல்லை. கையில் போனை வைத்துக்கொண்டு நின்றார்.

இதை நீ எங்கே வேண்டுமானாலும் காட்டலாம். அனுப்புவதற்கு முன்னால் அவர்கள் முன்னிலையிலேயே படித்துக் காட்டினேன். வீரபாகு எழுந்து போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து, "முதல் அடின்னு எழுதினது சரிதான். அடிக்காதேன்னு அந்தாளு கைகூப்பினாரு. அதையும் சேத்துக்கோ" என்றார். சேர்த்துவிட்டேன். எங்கள் வீட்டில் இரண்டு நாள் சாப்பாடு போடும்போது மட்டும்தான் பேச்சு. ஆனால் தபால்பெட்டி வரைக்கும் என் வீட்டுக்காரர்தான் கூட வருகிறேன் என்றிருக்கிறார்.

உன் அடுத்த கேள்விக்கு: தெரு குரூப்பில் அவர் படம் வந்தது. கழுத்தில் மாலை, கீழே மெழுகுவத்தி, "கண்ணீர் அஞ்சலி" என்று எழுத்து. எல்லாரும் கைகூப்புகிற படத்தை ஒன்றன்கீழ் ஒன்றாகப் போட்டார்கள். நான் மறுநாளே ஏகாம்பரநாதர் கோயிலில் அவருக்கு மோட்ச தீபம் ஏற்றினேன். அதைத்தவிர எனக்கு வேறு ஒன்றும் செய்யத் தெரியவில்லை.

பெயர் போடமாட்டோம். கல்லே வேண்டாம் என்றாலும் நிறுத்திவிடுகிறேன்.

ஏலவார்குழலி


பொதட்டூர்ப்பேட்டை
13-7-2025

அம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்தபோது அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்து புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்.

ஆமாம். உயிரோடுதான் இருக்கிறார். காலையில் இட்லிக்குச் சட்னி சரியில்லை என்று என்னிடம் சண்டை போட்டார்.

நீங்கள் சொன்ன படம் என் கல்யாணத்தில் எடுத்தது. அந்த மாலை சம்பந்தி போட்ட மாலை. அப்பா அடிபட்டுக் கிடந்ததை யாரோ எடுத்த வீடியோ ஒவ்வொரு வருஷமும் எங்கேயாவது மறுபடி கிளம்பும். யாரோ இந்தப் படத்தைத் தேடி எடுத்து அதோடு சேர்த்திருக்கிறார்கள். இன்னொருவர் மெழுகுவத்தி வைத்திருக்கிறார். வேறொருவர் கண்ணீர் அஞ்சலி எழுதிவிட்டார். எங்கள் பெரியப்பா ஆரணியிலிருந்து அழுதுகொண்டே வந்து இறங்கினார். வாசலில் நின்றிருந்த அப்பாவைப் பார்த்து மயங்கி விழப்போனார்.

முதல் கடிதத்திலேயே இதைச் சொல்லியிருக்கலாம். வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. அன்றைக்கும் போனில் வந்தது என்று நம்பினீர்கள். இன்றைக்கும் போனில் வந்தது என்று நம்பினீர்கள். அன்றைக்கு அடித்தீர்கள், இன்றைக்கு அழுதீர்கள். ஒருவர்கூட நடுவில் விசாரிக்கவில்லை. போனை நம்பாதே என்று சொல்லப்போகிற கல்லையே போனை நம்பித்தான் நடப் பார்த்தீர்கள் அல்லவா? இதை எழுதவேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆத்திரமாக இருந்தது.

ஆனால் பட்டியலை நீங்கள் அனுப்புவீர்கள் என்று நான் நினைக்கவில்லை. அதிலும் உங்கள் வீட்டுக்காரரைச் சேர்த்து. அந்தத் தாளை அப்பாவிடம் காட்டினேன். ஒவ்வொரு பெயராகப் படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "ஏழு வருஷமா இவங்க மூஞ்சிதான் கனாவுல வந்துக்கினு இருந்துச்சு. பேரு தெரியாம இருந்துச்சு. இப்ப மனுசங்களா ஆயிட்டாங்க" என்றார். கோர்ட்டுக்குப் போகலாமா என்று கேட்டேன். "வேணாம்மா. கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டாங்க, அது போதும்" என்றார். எனக்குப் போதவில்லை. ஆனால் அடிபட்டது அவர்.

வலது தோள் எலும்பு சரியாகக் கூடவில்லை. மூட்டை தூக்குவதில்லை. இங்கேயே ஒரு கடையில் புடவை மடித்துக் கொடுக்கிறார். காஞ்சிபுரம் வழியாகப் போகிற பஸ்ஸில்கூட ஏறமாட்டார்.

மோட்ச தீபத்தைப் பற்றிச் சொன்னதும் அப்பா விழுந்து விழுந்து சிரித்தார்.

சத்யப்ரியா


பாவடித் தெரு
16-7-2025

என் கண்ணு சத்யப்ரியா,

காமாட்சி தாயே! இதற்குமேல் எனக்கு எழுத வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுதுகிறேன்.

உன் கடிதத்தைக் கூடத்தில் நின்றபடியே படித்தேன். என் வீட்டுக்காரர் தறியில் இருந்தார். "அந்தாளு உசுரோட இருக்காராம்" என்றேன். தறிச் சத்தம் நின்றது. எழுந்து வந்து கடிதத்தை வாங்கினார். தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏழு வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்தது அப்போதுதான்.

கங்கையம்மாள் கட்டிக்கொண்டிருந்த பூவை அப்படியே போட்டுவிட்டுப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க ஓடினாள். வீரபாகு, "மறுபடியும் விசாரிக்காம நம்பறோமே, இந்தக் கடுதாசி நெசந்தானா?" என்று கேட்டார். கங்கையம்மாள் விடுவாளா? "இப்ப மட்டும் புத்தி வந்துச்சா உனக்கு? சட்னி சரியில்லன்னு சண்டை போட்டாராம்பா. இதை எவனாவது கற்பனை பண்ணி எழுதுவானா?" என்றாள்.

ஆனாலும் அவர் கேட்டது நியாயம். அதனால் நானே வருகிறேன். வருகிற கிருத்திகைக்குத் திருத்தணி வர நேர்த்திக்கடன் இருக்கிறது. அது உங்கள் ஊருக்குப் பக்கம்தானே. மலையிலிருந்து இறங்கிக் குளத்தங்கரையில் உட்கார்ந்திருப்பேன். தராசுப் பெட்டியைக் கொண்டுவருகிறேன். அவர் வரவேண்டாம், அவருக்குக் கஷ்டம். நீ வந்து வாங்கிக்கொண்டால் போதும். நீயும் வராவிட்டால் பெட்டியோடு திரும்பி வருவேன். குறையில்லை.

மோட்ச தீப விஷயம் எனக்கு உறுத்தலாக இருந்தது. உயிரோடு இருக்கிறவருக்கு ஏற்றிவிட்டேனே என்று குருக்களிடம் போய்ப் பரிகாரம் கேட்டேன். "செத்ததா சேதி பரவினா ஆயுசு கெட்டின்னு பெரியவங்க சொல்வாங்கமா. தீபத்தை ஆயுசு கணக்குல வரவு வச்சிக்க" என்றார். வீட்டுக் கணக்கு நோட்டில் அப்படியே திருத்தி எழுதிவிட்டேன்.

நினைவுச்சின்னம் இனிமேல் இல்லை. உயிரோடு இருக்கிறவருக்குக் கல் நடுவது அபசகுனம் என்று ராமராஜன் நிறுத்திவிட்டார். கமல் கருங்கல் போனைச் சுருட்டிப் பரண்மேல் போட்டுவிட்டான்.

அன்புடன்,
குழலி


பொதட்டூர்ப்பேட்டை
1-8-2025

குழலி அம்மாவுக்கு,

குளத்தங்கரையில் நான் உங்களோடு அதிகம் பேசவில்லை. அப்பா பஸ்ஸிலிருந்து இறங்கும்வரை பாதியில் திரும்பிவிடுவார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். உங்களை அடையாளம் கண்டுகொள்வதற்கு முன்னால் பெட்டியைக் கண்டுகொண்டார். நசுங்கிய தட்டை நீங்கள் தட்டிச் சரிசெய்யாமல் அப்படியே வைத்திருந்தது எனக்கு முதலில் கோபமாக இருந்தது. "அடுத்தவங்க பொருளு, நான் எப்டிப்பா கை வைக்கிறது?" என்று நீங்கள் சொன்னதும் அப்பா சிரித்தார். அந்தத் தட்டை இப்போது அவரே நிமிர்த்திவிட்டார். வீட்டில் பருப்பு, வெங்காயம் எல்லாவற்றையும் அதில் நிறுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இந்தக் கடிதம் அவர் சொல்லச் சொல்ல எழுதுவது.

"இன்னாமா, நான் செத்தாத்தான் கல்லா? உசுரோட இருந்தா கிடையாதா? செத்தவனுக்கு வச்சா அந்தக் கல்லு எனக்கு எதுக்கு ஆவும்? நான் அன்னிக்கு ஏன் கோயில் படியில உக்காந்தேன்னு எவனும் கேக்கல. மூட்டை கனம். எறக்கி வைக்க எடமில்ல. கீழ எறக்கினா மறுபடி ஏத்திவிட ஒரு ஆளு வேணும். படி மேல வச்சா நானே தோளுக்கு ஏத்திக்கலாம்னு அங்க போனேன். அங்க பசங்க ஆடிக்கினு இருந்தாங்க. பசங்க பக்கத்துல மூட்டைக்காரன். அம்புட்டுதான். அந்தத் தெருவுல ஒரு சுமைதாங்கிக் கல்லு இருந்திருந்தா நான் படிக்கே போயிருக்க மாட்டேன்."

அதனால் சுமைதாங்கி வையுங்கள் என்கிறார். இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைப் பாலமாகப் போட்டு, வழிப்போக்கர்கள் யாருடைய உதவியும் இல்லாமல் சுமையை இறக்கி ஏற்ற வைப்பார்களே, அது. வயிற்றில் பிள்ளையோடு செத்தவர்களுக்குத்தான் அதை வைப்பார்கள் என்று நான் சொன்னேன். "அப்ப எனக்குப் பொருந்தாதுன்றியா? உங்கம்மா உன்னை வயித்துல வச்சிருக்கறப்ப வாந்தி எடுத்தது முழுக்க நான்தான் தொடைச்சேன்" என்கிறார். என்ன நியாயமோ!

பெயர் வேண்டாம், தேதி வேண்டாம், போன் படம் வேண்டாம். எழுதியே ஆகவேண்டும் என்றால் ஒரு வரி போதுமாம். "எந்த ஊருப்பா, தண்ணி வேணுமா?" அன்றைக்கு அவரிடம் ஒருவராவது கேட்டிருக்கவேண்டிய கேள்வி அதுதான் என்கிறார்.

அவர் உங்கள் தெருவுக்கு வருவாரா என்று ராமராஜன் கேட்டுவரச் சொன்னதாகச் சொன்னீர்கள். வருவேன் என்று அப்பா சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. காஞ்சிபுரம் பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் நேற்று பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

உங்கள்,
சத்யப்ரியா


பாவடித் தெரு
ஆடி வெள்ளி, 8-8-2025

என் கண்ணு சத்யப்ரியாவுக்கு,

அம்மன் குங்குமம் இதனுள் மடித்து வைத்திருக்கிறேன். உறையைப் பார்த்துப் பிரி.

உன் அப்பா சொன்னதைக் கோயில் மண்டபத்தில் படித்தேன். முதல் கூட்டத்தில் இருந்த அதே பேர்தான். படித்து முடித்துக் கடிதத்தை மடித்தேன். பிறகு ராமராஜன், "நான்தான் அந்த மூட்டையைப் புடுங்கினேன். உள்ளே பழைய பொடவைதான் இருந்துச்சு. அதைப் பாத்த பின்னாலயும் நாங்க நிறுத்தல" என்றார். இதுவரை அவர் இதை யாரிடமும் சொன்னதில்லை. கல் செலவு தன்னுடையது என்றார். அது வேண்டாம், வீட்டுக்கு வீடு போடுவோம், இது ஒருவர் செய்தது இல்லை என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அவர் கூட்டத்தில் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

கமல் புதுசாக வரைந்துவிட்டான். தெருவில் தறிக்குப் பாவு நூலை நீட்டுகிறபோது இடிக்காமல், கோயில் சுவரை ஒட்டி, வேப்பமரத்து நிழலில் வருகிறது. பக்கத்தில் ஒரு குழாய். அதை அவன்தான் கேட்டான். தண்ணி வேணுமா என்று கல் கேட்டுவிட்டுத் தண்ணீர் இல்லாவிட்டால் அதுவும் பொய்ச் செய்திதானே என்றான். எழுத்தைப் பற்றிக் கொஞ்சம் தகராறு நடந்தது. "சந்தேகம் வந்தால் விசாரிக்கவும்" என்று போடலாம் என்றார் வீரபாகு. போலீஸ் ஸ்டேஷன் போர்டு மாதிரி இருக்குது என்று கங்கையம்மாள் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். உன் அப்பா சொன்ன வரிதான். பேசுகிற மாதிரியே வெட்டச் சொல்லியிருக்கிறோம்.

ஆடியில் கல் நடமாட்டோம். ஆவணி பிறந்து முதல் நல்ல நாளில் நடலாம் என்று குருக்கள் சொல்லியிருக்கிறார். கல்தச்சர் நேற்றே வந்துவிட்டார். சுமைதாங்கி என்றால் ஆள் தோளுயரம், அது ஆதிகாலத்து அளவு, நான் வெட்ட ஆரம்பிக்கிறேன் என்றார். நான்தான் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

ஏன் என்றால், குளத்தங்கரையில் நான் பார்த்தேன். பெட்டியை நீட்டியபோது உன் அப்பா வலது கையைத்தான் முதலில் கொண்டுவந்தார். அது பாதியிலேயே நின்றுவிட்டது. உடனே இடது கையால் வாங்கிக்கொண்டார். நீ குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் கவனிக்கவில்லை என்று அவர் நினைத்திருப்பார். தோளுயரத்துக்குக் கல் வைத்தால், ஊரில் எல்லாருக்கும் அது சுமைதாங்கி. அவருக்கு மட்டும் சுவர்.

தச்சர் தயங்கினார். உயரம் குறைந்தால் மற்றவர்கள் குனியவேண்டி வருமே என்றார். "குனியட்டும்" என்றார் ராமராஜன்.

அதனால் நீ ஒன்று செய். அவரை நேராக நிற்க வை. வலி இல்லாமல் அந்த வலது கை எதுவரைக்கும் எழும்புகிறதோ அதுவரைக்கும் தூக்கச் சொல். வீம்புக்கு உயர்த்துவார், விடாதே. தரையிலிருந்து அந்த உள்ளங்கை வரைக்கும் ஒரு நூலைப் பிடித்து அறுத்து, உறையில் வைத்து அனுப்பு. இத்தனை அடி, இத்தனை அங்குலம் என்று எழுதவேண்டாம், நூல்தான் வேண்டும். நாங்கள் நூலை நம்புகிறவர்கள்.

அவர் வரவேண்டும் என்று நான் கேட்கவில்லை. வந்தால், முதல் சுமையை அவர்தான் இறக்கி வைக்கவேண்டும் என்று தெருவுக்கு ஆசை. என் மாமியார் புடவைகள் இரண்டும் இன்னும் பெட்டியில்தான் இருக்கின்றன. வேறு யாருக்கும் எடைக்குப் போடவில்லை.

தச்சர் உளியை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். நூலோடு சீக்கிரம் பதில் போடு.

அன்புடன்,
குழலி